பிரபுவின் பண்ணையில் ஈத்துக் காலம்

கேம்பிரிட்ஜிலிருந்து தென்மேற்கே 14 கிலோமீட்டர் போனால் விம்போல். கேம்பிரிட்ஜ்ஷயரிலேயே மிகப் பெரிய மாளிகை அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிப் பூங்கா, ஏரிகள், காடு, வயல்கள், கூடவே ஒரு பண்ணை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே போகிற குடும்பங்களில் பாதிப் பேர் மாளிகைக்காகப் போவதில்லை. ஆடுகள் குட்டி போடும் பருவம் அது. பள்ளிகளுக்கு ஈஸ்டர் விடுமுறை வேறு. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த வட்டாரமே ஆட்டுக் கொட்டகைக்கு முன்னால் வந்து நிற்கும்.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் செம்மறிகளோடு வளர்ந்தவர் என் அம்மா. வசந்த காலத்தில் எங்களோடு தங்க வந்திருந்தார். இங்கிலாந்தில் அவருக்குக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கணவர், பிள்ளைகள் இருவர், வாயும் வயிறுமாக இருந்த என் நாத்தனார், அம்மா என்று ஒரு வண்டி நிறையக் கிளம்பினோம். வழியெல்லாம் வேலிகளில் கருமுள் செடி இலை விடுவதற்கு முன்பே வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மழை ஓய்ந்த வயல்களில் கோதுமை ஒரு சாண் உயரம் நின்றது. மேடு பள்ளம் அதிகமில்லாத சீமை அது. வானம்தான் அங்கே பெரிது.

பண்ணை வாசலிலேயே ஒரு அறிவிப்பு. கர்ப்பிணிகள் ஈத்துக் கொட்டகைக்குள் வர வேண்டாம். ஆடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் ஈனும் நேரத்தில் வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கக்கூடும். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆபத்து. நாத்தனார் வெளியே நின்றுவிட்டாள். அம்மாவுக்கு ஆச்சரியம். "உன்னய வயித்துல வெச்சுக்கிட்டு எத்தன ஆட்டுக்கு நான் ஈத்துப் பாத்திருப்பேன்!" என்றார். காரணத்தை நான் விளக்கியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊரில் குறை மாதத்தில் பிள்ளை தவறிய யார் யாரையோ நினைத்துக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பிறகு நாத்தனாரிடம், "நீ அப்படி வெயில்ல உக்காரு கண்ணு, நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம்" என்று சொல்லி, தன் சால்வையையும் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

கொட்டகைக்குள் நல்ல வைக்கோல் வாசம். இடுப்புயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பெட்டைகள் வயிறு தொங்கப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒரு ஓரத்தில் சின்னச் சின்னத் தனித் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய், அதன் குட்டிகள். தாயின் விலாவில் நீலச் சாயத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண் குட்டியின் விலாவிலும் இருந்தது. மேய்ச்சலுக்கு விட்ட பிறகு எது யாருடைய குட்டி என்று தெரிய வேண்டுமே, அதற்காக. எந்த ஆடு எப்போது ஈனும் என்பதைச் சொல்லவும் இதே சாயம்தான் உதவுகிறது. இலையுதிர் காலத்தில் கிடாயைப் பெட்டைகளோடு விடும்போது அதன் மார்பில் ஒரு வண்ணச் சாயத்தைக் கட்டிவிடுகிறார்கள். கிடாய் சேர்ந்த பெட்டையின் பின்புறத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும். சில நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றுவார்கள். அந்த நிறத்தை வைத்து 147 நாள் தள்ளிக் கணக்குப் போட்டால் ஈத்து நாள் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இதைக் கேட்ட அம்மாவுக்கு வெகு சந்தோஷம். ஊரில் இந்தக் கணக்கெல்லாம் மேய்ப்பவர் தலைக்குள்ளேயே இருக்கும்.

எல்லோரும் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளை ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் மூலையில் தனியாகப் போய் நின்ற ஒரு கறுப்பு முகத்து ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முன்னங்காலால் வைக்கோலைப் பறித்தது, படுத்தது, எழுந்தது, திரும்பித் தன் விலாவையே பார்த்தது. "வாலுக்கு ரெண்டு பக்கமும் குழி விழுந்திருக்குது பாரு. மடியும் எறங்கிருச்சு. ஆனா இப்ப இல்ல. மதியச் சோறு தின்னுட்டு வந்தாச் செரியா இருக்கும்" என்றார். அதை நம்பித்தான் மாளிகையைப் பார்க்கக் கிளம்பினோம்.

பண்ணையிலிருந்து மாளிகை நடக்கிற தூரம்தான். முன்வாசலில் நின்று தெற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை இரண்டு பக்கமும் மரம் வைத்த புல்வெளிச் சாலை ஓடுகிறது. சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். 1720-களில் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் என்ற தோட்டக்கலைஞர் அமைத்தது. அப்போது வைத்தவை எல்ம் மரங்கள். 1970-களில் பிரிட்டன் முழுவதும் எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது. பட்டைக்குள் துளைக்கும் வண்டுகள் அதைப் பரப்பின. இரண்டரைக் கோடிக்கு மேல் மரங்கள் பட்டுப்போயின. விம்போல் சாலையும் மொட்டையானது. பிறகு விம்போலில் இருந்த பழைய லிண்டன் மரங்களிலிருந்தே கன்றுகள் உண்டாக்கி மறுபடியும் நட்டிருக்கிறார்கள். இருநூற்றைம்பது வருடத்துச் சாலை போனதும், வெளியிலிருந்து கன்று வாங்காமல் தன் மண்ணிலேயே தலைமுறையாக நின்ற மரத்திலிருந்து எடுத்துத் தொடர்ந்தார்களே, அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாளிகையை 1640-களில் கட்டத் தொடங்கியவர் சர் தாமஸ் சிச்செலி. அதன் பிறகு கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பெரும்பாலும் கடன்தான் காரணம். அதை வைத்திருந்தவர்களில் என் மனதில் நின்றவர்கள் மூவர்.

முதலாமவர் எட்வர்ட் ஹார்லி, ஆக்ஸ்ஃபர்டின் இரண்டாம் பிரபு. புத்தகப் பைத்தியம் என்றே சொல்லலாம். அவர் வாங்கிக் குவித்த நூல்களையும் சுவடிகளையும் வைக்க ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய நூலக அறை இன்றும் இருக்கிறது. நீளமான அறை, கூரை வரை தட்டுகள், ஒரு கோடியில் பெரிய சன்னல். அந்தப் பைத்தியமே அவரைக் கடனில் தள்ளியது. 1740-இல் விம்போலை விற்றார், அடுத்த வருடம் இறந்துபோனார். அச்சு நூல்கள் வியாபாரி கைக்குப் போய்ச் சிதறின. சுவடிகளை மட்டும் அவர் மனைவியும் மகளும் 1753-இல் 10,000 பவுனுக்கு நாட்டுக்குக் கொடுத்தார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அடித்தளத் தொகுப்புகளில் ஒன்றாக அவை ஆயின; இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சேர்த்ததெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும் என்று அந்தப் பெண்கள் இருவரும் நினைத்ததால்தான் இன்று யார் வேண்டுமானாலும் அவற்றைப் படிக்க முடிகிறது.

அவரிடமிருந்து வாங்கியவர் பிலிப் யார்க், பிற்பாடு ஹார்ட்விக்கின் முதல் பிரபு. 1737 முதல் 1756 வரை இங்கிலாந்தின் தலைமை நீதித்துறைப் பதவியான லார்ட் சான்சலராக இருந்தவர். அங்கே மாட்டியிருக்கும் படத்தில் நீண்ட பொய்முடியோடு உட்கார்ந்திருக்கிறார். இவர் பெயரைக் கேட்டால் எனக்கு இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1729-இல் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, சார்ல்ஸ் டால்பட்டோடு சேர்ந்து ஒரு கருத்து கொடுத்தார்: அடிமையாக்கப்பட்ட ஒருவர் இங்கிலாந்து மண்ணை மிதித்ததனாலோ ஞானஸ்நானம் பெற்றதனாலோ விடுதலை பெற்றவராகிவிட மாட்டார், எசமான் அவரைத் திரும்பக் கொண்டுபோகலாம். அடிமை வணிகம் செய்தவர்கள் பல பத்தாண்டுகள் இந்த வரிகளைக் கவசமாகப் பிடித்துக்கொண்டார்கள். 1772-இல் சாமர்செட் வழக்குத் தீர்ப்பு வரும் வரை இதை அசைக்க முடியவில்லை. இதே மனிதர்தான் 1744-இல் ஓமிச்சந்த் வழக்கில் வேறொரு முடிவு சொன்னார். கல்கத்தா வணிகர் ஒருவருடைய வழக்கு அது. அவர் தரப்புச் சாட்சிகள் இந்துக்கள், தங்கள் வழக்கப்படி சத்தியம் செய்து கல்கத்தாவில் சாட்சி சொன்னவர்கள். பைபிள் மேல் சத்தியம் செய்யாதவனுடைய பேச்சு இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஏறுமா என்பது கேள்வி. ஏறும் என்றார் ஹார்ட்விக். தான் நம்பும் தெய்வத்தின் பேரில் ஒருவன் செய்யும் சத்தியம் சத்தியமே என்று நின்றார்.

இந்த இரண்டையும் ஒரே ஆளுக்குள் எப்படி வைப்பது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒருவனுடைய வாக்கை மதிக்கத் தெரிந்த சட்ட அறிவுக்கு, இன்னொருவனுடைய உடம்பு அவனுக்கே சொந்தம் என்பது தெரியாமல் போனது. அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது குளியல் தொட்டி. மாளிகைக்குள்ளேயே படியிறங்கிப் போகிற ஒரு கல் தொட்டி. கிட்டத்தட்டப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் படிக்கட்டு, கோயில் தெப்பக்குளத்தை வீட்டுக்குள் சின்னதாக அமைத்த மாதிரி. கட்டியவர் ஜான் சோன். இங்கிலாந்து வங்கியைக் கட்டியவரும் அவர்தான். 1779 வாக்கில் இத்தாலியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது வாலிபன் பிலிப் யார்க்கை அவர் சந்தித்தார். இந்த யார்க் முதல் பிரபுவின் பேரன். 1790-இல் மூன்றாம் பிரபுவாகப் பட்டம் வந்ததும் பழைய நண்பரைக் கூப்பிட்டு வீட்டை ஒப்படைத்தார். சோன் கட்டிய மஞ்சள் வரவேற்பறை வீட்டின் நட்டநடுவில் இருக்கிறது. பக்கச் சன்னலை நம்பாமல் மேலே கும்மட்டத்தின் உச்சியிலிருந்து வெளிச்சம் வருகிறது. அந்த அறையில் காலை வைத்ததும் எல்லோர் தலையும் தானாக மேலே நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

மூன்றாமவர் எல்சி பாம்பிரிட்ஜ், ருட்யார்ட் கிப்ளிங்கின் மகள். பம்பாயில் பிறந்து, மௌக்லியையும் பாலுவையும் உலகத்துக்குக் கொடுத்த அதே கிப்ளிங். ஹார்ட்விக் வம்சத்தில் ஐந்தாவதாக வந்தவர் செலவழித்தே சொத்தைத் தொலைத்தார். கடன் கொடுத்த வங்கிக் குடும்பத்தின் கைக்கு விம்போல் 1894-இல் போனது. 1938-இல் எல்சியும் அவர் கணவர் ஜார்ஜும் அதை வாங்கினார்கள். ஐந்து வருடத்தில் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா ஜோசஃபின் ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். தம்பி ஜான் 1915-இல் முதல் உலகப் போரில் லூஸ் சண்டையில் மடிந்தவன். தனியே நின்ற அந்தப் பெண் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வீட்டை அறை அறையாகச் சரி செய்தார். அப்பாவின் புத்தகங்களிலிருந்து வந்த உரிமைத்தொகை இதற்கு உதவியது. 1976-இல் இறந்தபோது எல்லாவற்றையும் பழம்பெரும் இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டார். இந்தியாவைப் பற்றிக் கிப்ளிங் எழுதிய பலவற்றோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் நம் காட்டு ஓநாய்க் கதையில் வந்த பணம் இந்த ஓடுகளிலும் சுவர்ப் பட்டுத் துணியிலும் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, என் மகன் சுவரைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான். காவலுக்கு இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டித் தடுத்தார்.

மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம் நிற்கிறது. ஊர்க் கோயில்தான் அது, ஆனால் சுற்றிப் பார்த்தால் ஊரைக் காணோம். பூங்காப் புல்வெளியில் சாய்வாக விழுந்த வெயிலில் பார்த்தபோது அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "இது உழுத காடு, கண்ணு." உண்மைதான். புல்லுக்கு அடியில் அலை அலையாக மேடும் பள்ளமும் நீண்டு கிடந்தன. இடைக்காலத்து விவசாயிகள் எருதுகளைப் பூட்டி, மண்ணை நடுவில் ஒதுக்கி ஒதுக்கி உழுததால் உண்டான வரிகள். ஒவ்வொரு வரியும் லேசாக வளைந்திருக்கும். பல சோடி எருதுகளைத் திருப்புவதற்குக் கோடியில் இடம் வேண்டும், அதனால் வந்த வளைவு. இங்கே சிறு சிறு குடியிருப்புகள் இருந்தன. பூங்கா பெரிதாகப் பெரிதாக அவை ஒவ்வொன்றாக மறைந்தன. பிரபுவின் சன்னலிலிருந்து பார்த்தால் புல், மரம், மேயும் ஆடு மாடு மட்டுமே தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து ரசனை. வடக்கே குன்றின் மேல் ஒரு இடிந்த கோட்டை தெரிகிறது. அங்கே கோட்டை எதுவும் இருந்ததில்லை. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று 1770 வாக்கில் இடிந்த மாதிரியே புதிதாகக் கட்டியது. உண்மையான வீடுகளை அப்புறப்படுத்திய நிலத்தில் பொய்யான இடிபாட்டை எழுப்பியதை நினைத்தால் மனம் ஆறவில்லை. பெயர் தெரியாத அந்த உழவர்கள் விட்டுப்போன கையெழுத்து என்று பார்த்தால் இந்த வரப்பு வரிகள் மட்டும்தான். அவற்றை உழாமல் புல்லாகவே வைத்திருப்பதால்தான் இன்றும் அவை அழியவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் பண்ணைக்குத் திரும்பினோம்.

இந்தப் பண்ணையையும் சோன்தான் வடிவமைத்தார், 1794-இல். மூன்றாம் பிரபுவுக்கு விவசாயத்தில் அவ்வளவு ஆசை. வங்கி கட்டிய கையால் மாட்டுக் கொட்டகைக்கும் வரைபடம் போட வைத்தார். கறுப்புப் பூச்சுப் பூசிய மரப்பலகைச் சுவர்கள், நடுவில் பெரிய களஞ்சியம், அதற்கு வைக்கோல் வேய்ந்த கூரை. உள்ளே போய் நின்றால் ஏதோ தேவாலயத்தின் நடுவில் நிற்பதுபோல் உத்தரங்கள் உயர்ந்து போகின்றன. அந்தக் காலத்துக் களஞ்சியங்களில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள் வைப்பார்கள். நடுவில் கதிரடிக்கும் களம். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும், தூற்றுவதற்குத் தோது. அம்மாவுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்ததும் நடுவில் நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

விவசாயத்தைத் திருத்த வேண்டும், எதிலும் கூடுதல் விளைச்சல் எடுக்க வேண்டும் என்று பிரபுக்களும் பண்ணையார்களும் துடித்த காலம் அது. லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் என்பவர் ஆட்டையும் மாட்டையும் தேர்ந்து தேர்ந்து சேர்த்து, சீக்கிரம் கொழுக்கும் புது ரகங்களை உண்டாக்கிக் காட்டியிருந்தார். நாடே அவர் வழியில் போனது. விம்போல் பண்ணை அந்த எண்ணத்தின் மாதிரிக் கூடம். ஆனால் இன்று சோனின் கொட்டகைகளில் நிற்பவை, அந்தத் திருத்தம் தேவையில்லை என்று ஒதுக்கிய பழைய இனங்கள். பேக்வெல் சீராட்டி வளர்த்த நீள்கொம்பு மாடுகளே பின்னால் வந்த குறுங்கொம்பு மாடுகளிடம் தோற்று மூலைக்குப் போனவை. டிராக்டர் வந்ததும் வேலையிழந்த ஷையர் குதிரைகள், தோள் மட்டும் ஆள் உயரம் நிற்பவை. செம்பட்டை நிறத்துத் தாம்வொர்த் பன்றிகள். 1900-க்கும் 1973-க்கும் இடையில் பிரிட்டனில் 26 நாட்டு இனங்கள் பூண்டோடு அழிந்துபோயின. 1973-இல் அரிய இனங்களைக் காக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். விம்போல் மாதிரிப் பண்ணைகள் அந்த வேலையைத் தோளில் சுமக்கின்றன. எந்த எண்ணத்துக்காகக் கட்டியதோ அந்த எண்ணத்தால் விழுந்தவற்றுக்கே இந்தக் கட்டடம் இப்போது நிழல் கொடுக்கிறது. மாளிகையின் மஞ்சள் அறையைவிட இதுவே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

கொட்டகைக்குள் போனபோது மூலை ஆட்டுக்குப் பன்னீர்க்குடம் உடைந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தடுப்போரம் இடம் பிடித்துக்கொண்டார். முதலில் இரண்டு குளம்புகள், அவற்றின் மேல் மூக்கு. அதைப் பார்த்ததும் "செரியா வருது" என்று மூச்சு விட்டார். பச்சை மேலங்கி போட்ட பண்ணைப் பெண் ஒருத்தி எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை வைக்கவில்லை. ஆடு கழுத்தை நீட்டி முக்கியது. தலை வந்தது, பிறகு முழுக் குட்டியும் வழுக்கி வைக்கோலில் விழுந்தது. மஞ்சள் சவ்வு போர்த்த கறுப்பு உருவம். அசைவில்லை. அந்தப் பெண் சட்டென்று வந்து மூக்கிலிருந்த சவ்வை வழித்துவிட்டு, ஒரு வைக்கோல் தும்பை மூக்குத் துளையில் விட்டாள். குட்டி தும்மியது. சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். என் மகள் அம்மாயியின் முந்தானையைப் பிடித்தவள் விடவில்லை.

தாய் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தபடி நக்கத் தொடங்கியது. குட்டி போட்ட புதிதில் மட்டும் கேட்கும் குரல் அது. பண்ணைப் பெண் தொப்புளில் அயோடின் தொட்டு வைத்தாள். அரை மணி நேரத்துக்குள் குட்டி நான்கு முறை எழுந்து விழுந்து, ஐந்தாவதில் நின்று, தப்பான இடத்தில் எல்லாம் முட்டி, கடைசியில் மடியைப் பிடித்தது. வால் துடித்தது. "சீம்பால் எறங்குது" என்றார் அம்மா. அந்தப் பால் முதல் சில மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போனால்தான் குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி வரும். இது காங்கயத்துக்கும் விம்போலுக்கும் பொதுவான அறிவு.

அந்த ஆடு நார்ஃபோக் ஹார்ன் இனம். முகமும் காலும் கறுப்பு, கிடாய் பெட்டை இரண்டுக்கும் கொம்பு, உயரமான கால். நார்ஃபோக், சஃபோக் பகுதிகளின் மணற்பாங்கான பொட்டல்களில் பகலெல்லாம் அலைந்து மேய்ந்து, இரவில் வயலில் அடைபட்டு, அந்த வயலுக்கு எருவிட்டு வாழ்ந்த ஆடு. பண்ணைப் பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அம்மா நிமிர்ந்தார். "கிடை போடறதுதான! இங்கயும் கிடை போட்டாங்களா?" போட்டார்கள். பல நூற்றாண்டுகள் கிழக்கு இங்கிலாந்தின் ஏழை மண்ணில் கோதுமையும் பார்லியும் விளைந்தது இந்த ஆட்டுக் கிடையின் தயவில்தான். பிறகு பொட்டல்கள் வேலிக்குள் வந்தன, டர்னிப் பயிரிட்டார்கள், நல்ல தீவனம் கிடைத்தது. அலைகிற ஆட்டுக்கு வேலையில்லை, கொழுக்கிற ஆடு வேண்டும். சவுத்டவுன் கிடாயை நார்ஃபோக் பெட்டைகளோடு சேர்த்தார்கள். பிறந்தவைதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் சஃபோக் இனம். பிள்ளை பேர் வாங்கியது, தாய் அழிந்துகொண்டே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சஃபோக் மாவட்டத்தில் ஒரே ஒரு சிறு மந்தை மட்டும் மிஞ்சி, அதிலும் எண்ணிக்கை சுருங்கி, உள்ளுக்குள்ளேயே சேர்ந்து மலடு தட்டியது. கடைசித் தூய கிடாயும் 1970-களின் தொடக்கத்தில் செத்தது. மிஞ்சியவற்றைச் சஃபோக்கோடு சேர்த்து, பிறந்ததில் நார்ஃபோக் குணம் கூடியதைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் கண் முன்னால் தும்மிய குட்டி அந்த வேலையின் பலன்.

நம் பக்கத்துக் கதையும் இதுவே. கமலைக்குப் பதில் பம்புசெட்டும் ஏருக்குப் பதில் டிராக்டரும் வந்ததும் காங்கயம் மாடுகள் சந்தைக்குப் போயின. ஆலம்பாடி மாட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களுக்கு அந்தத் துக்கம் தெரிந்திருந்தது. ஆனால் நாட்டு ஆட்டுக்காக யாரும் கடற்கரையில் கூடவில்லை. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக வைத்திருக்கும் கொறங்காடுகள் மனையாக விற்கப்படும்போது, அங்கே மேய்ந்த ஆடும் சேர்ந்து போகிறது என்பதை நாம் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. இங்கே பதிவேடு வைத்து, ஒவ்வொரு குட்டிக்கும் தாய் தகப்பன் எழுதி, குடும்பம் குடும்பமாக மக்களை வரவழைத்துப் பார்க்கவைத்து ஓர் இனத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கும் இது வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

அம்மாவுக்குக் கேட்க நிறைய இருந்தது. நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். பிறந்தது கிடாக் குட்டி; அதை வைத்துக்கொள்வீர்களா? பண்ணைப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். கொம்பும் காலும் நடையும் நன்றாக அமைந்த ஒன்றிரண்டைத்தான் கிடாயாக நிறுத்துவார்கள். மற்றவை கறிக்குப் போகும். ஆள் வாங்கிச் சாப்பிடாவிட்டால் இனத்தை வளர்க்க யாருக்கும் கட்டுப்படியாகாது. மகள் முகம் சுருங்கியது. அம்மாயி அவளைப் பக்கத்தில் இழுத்து, "எல்லாக் கெடாயையும் வெச்சுக்கிட்டா முட்டிக்கிட்டுச் சாகும் சாமி. நாப்பது பெட்டைக்கு ஒரு கெடா போதும். அத நல்லாப் பாத்து எடுக்கோணும், அதுதான் ஆட்டுக்காரன் வேல" என்றார். இங்கேயும் ஏறத்தாழ அதே கணக்குத்தான் என்று பண்ணைப் பெண் தலையாட்டினாள்.

அடுத்து ரோமத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வருடம் ஒருமுறை கத்தரித்தே ஆக வேண்டும். கத்தரிக்கிற கூலிக்குக்கூட ரோமத்தின் விலை காணாது. அதனால் ரோமம் தானாக உதிரும் இனங்களுக்கு நிறையப் பேர் மாறி வருகிறார்கள் என்றாள். எங்கள் மேச்சேரி ஆட்டுக்கு ரோமமே கிடையாது என்று அம்மா சொன்னார். அவள் நம்பவில்லை. அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, மாமா வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினார். கொறங்காட்டு வெயிலில் வெளிர்பழுப்பு நிறத்தில், குட்டை மயிரோடு, கொம்பில்லாத ஒரு மேச்சேரிக் கிடாய். அந்தப் பெண் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மழைக்கும் குளிருக்கும் என்ன செய்யும், ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி, கால் எப்படி, தோல் எப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அம்மா தடுப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "மாப்பிள்ளை, நீங்க பசங்களக் கூட்டிக்கிட்டுக் குதிரையப் பாத்துட்டு வாங்க, எங்களுக்கு இன்னும் பேச்சிருக்குது" என்றார்.